மூடிமேல் தணல்

அயர்லாந்தின் பண்டிகைப் பலகாரங்களில் பல, ஓவன் இல்லாத வீடுகளில் பிறந்தவை. கிராமங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் ஏழை வீட்டுச் சமையல் திறந்த கணப்பில்தான் நடந்தது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டிகளே விறகு. கணப்புக்கு மேலே இரும்புக் கொக்கியில் ஒரு வார்ப்பிரும்புப் பானை தொங்கும். பக்கத்தில் தோசைக்கல் போன்ற தட்டைக்கல் ஒன்று இருக்கும். வீட்டில் செய்யும் ரொட்டியும் கேக்கும் இந்த இரண்டுக்குள் அடங்கியாக வேண்டும். அந்தப் பானையின் பெயர் பாஸ்டிபிள். இங்கிலாந்தின் பார்ன்ஸ்டபிள் என்ற ஊரில் வார்த்து அனுப்பியதால் ஊர்ப்பெயரே திரிந்து பானையின் பெயராயிற்று என்பர். அடியில் குட்டையான மூன்று கால்கள், மேலே தட்டையான மூடி. மாவை உள்ளே வைத்து மூடியின்மேல் தணலை அள்ளிப் பரப்பினால் ரொட்டி மேலும் கீழும் சீராக வேகும். பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் மூடியில் கங்கு பரப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஏர் ஃப்ரையர் இந்தப் பானைக்கு நெருங்கிய உறவு. பெயரில் பொரிப்பது இருந்தாலும் அதற்குள் பொரித்தல் நடப்பதில்லை. மேற்புறம் சூடேறும் கம்பிச்சுருள், அதையொட்டி ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை: அமைப்பு இவ்வளவுதான். பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பெர்லின் கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்தியது. உள்ளிடம் சிறியது என்பதால் மூன்று நான்கு நிமிடத்தில் சூடேறிவிடும். விரைந்து சுழலும் காற்று பண்டத்தின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தை முதலில் வாங்கிவிடுகிறது. ஈரம் போன பரப்பு 140 டிகிரியைத் தாண்டும்போது பொன்னிறமாகி மொறுமொறுப்படைகிறது. ஒரு கரண்டி எண்ணெய் போதும் என்பதற்குக் காரணம் இதுதான். காற்று நுழைய இடமில்லாமல் கூடையை நிரப்பினால் பண்டம் வறுபடாது, புழுங்கிப்போகும்.

அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு வாடகை வீட்டில் 2022 இலையுதிர் காலத்தில் இந்த உறவு தற்செயலாகத் தெரியவந்தது. அங்கே குடியிருந்தது தமிழ்க் குடும்பம் ஒன்று: மருத்துவமனையில் செவிலியராக இரவுப்பணி பார்க்கும் தாய், தந்தை, பத்து வயது மகள், ஆறு வயது மகன். அக்டோபர் தொடக்கத்தில் ஓவன் பழுதாயிற்று. வீட்டு உரிமையாளர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே வசந்தம் வரை தள்ளினார். மின்கட்டணம் ஐரோப்பா முழுவதும் ஏறிக்கொண்டிருந்த பருவம் அது. ஐந்தரை லிட்டர் கொள்ளளவுள்ள ஏர் ஃப்ரையர் ஒன்று வாங்கப்பட்டது. அயர்லாந்தின் பழைய ஆண்டு முடிந்து குளிர்காலம் தொடங்கும் ‘சாவின்’ (Samhain) என்னும் திருநாளிலிருந்து மார்ச் 17 வரை, அந்த வீட்டின் பண்டிகைகள் அத்தனையும் அந்தக் கூடைக்குள் நடந்தேறின.

முதலில் செய்யப்பட்டது சோடா ரொட்டி. அயர்லாந்தின் ஈரக் காற்றில் விளைவது மென்கோதுமை. அதில் பசைத்தன்மை குறைவு. ஈஸ்ட் எழுப்பும் காற்றைப் பிடித்துவைக்கும் வலு அந்த மாவுக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சமையல் சோடா அங்கே பரவியபோது இந்தக் குறை தீர்ந்தது. வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் புளித்த மோர் எல்லாப் பண்ணை வீடுகளிலும் இருந்தது. மோரின் புளிப்பும் சோடாவின் காரமும் சேர்ந்தால் கரியமில வாயு பொங்கும். அதில் ரொட்டி எழும்பும். பிசைவதோ புளிக்கவைப்பதோ இல்லை. மோர் பட்ட நொடியிலேயே வேலை தொடங்கிவிடுவதால் மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது ஒன்றே கண்டிப்பு. ஆப்பத்துக்குச் சோடா போட்டுப் பழகிய கைக்கு இது புதிய வித்தையல்ல.

வழக்கமான அளவு 450 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, 400 மில்லி மோர். அந்த வீட்டில் முதல் முறை இந்த அளவு முழுவதும் ஒரே உருண்டையாகக் கூடைக்குள் போயிற்று. ரொட்டி எழும்பி ஏறக்குறைய கம்பிச்சுருளைத் தொட்டது. பதினைந்து நிமிடத்தில் உச்சி கருகியது. வெட்டிப் பார்த்தபோது நடுவில் பச்சை மாவு. அடுத்த வீட்டில் தனியாக வாழ்ந்த எண்பது வயது மூதாட்டி, கருகல் வாடைக்கு வந்து எட்டிப் பார்த்தார். மேற்குக் கார்க்கில், மின்சாரம் வராத பண்ணை வீட்டில் பிறந்தவர் அவர். அயர்லாந்தின் கிராமங்களுக்கு மின்கம்பம் நடும் வேலை 1946இல்தான் தொடங்கியது. அவருடைய வீட்டுக்கு விளக்கு வர அதன்பிறகும் பல ஆண்டுகள் ஆயின. ரொட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், “மூடிமேல் தணல் அதிகமாகிவிட்டது கண்ணு, வேறொன்றுமில்லை” என்றார். தம் தாயார் பாஸ்டிபிளின் மூடியில் முதலில் கொஞ்சமாகத் தணல் போட்டு, ரொட்டி எழும்பியபின்தான் கூட்டுவார் என்றும் சொன்னார்.

அந்த ஒரு சொல்லில் கருவியின் இயல்பு முழுவதும் விளங்கிவிட்டது. ஏர் ஃப்ரையரில் தணல் மேலே மட்டுமே இருக்கிறது, அடியில் இல்லை. ஆகவே அளவைப் பாதியாக்க வேண்டும்: 225 கிராம் மாவு, அரை அரைத் தேக்கரண்டி சோடாவும் உப்பும், 180 முதல் 200 மில்லி மோர். விரல்களைக் கொக்கிபோல் வளைத்து ஒரு சுற்றுக் கலந்தால் போதும். மாவு பிசுபிசுப்பாக இருப்பதே சரி. நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு வட்டமாகத் தட்டி, கத்தியால் ஏறக்குறைய அடிவரை சிலுவைக்கோடு கீறவேண்டும். ரொட்டிக்குள் இருக்கும் தேவதைகள் வெளியேற அந்தக் கோடு என்பது கிராமத்து வழக்கு. தடித்த நடுப்பகுதிக்குள் சூடு இறங்க அதுவே வழி. 170 டிகிரியில் இருபது நிமிடம், பிறகு தலைகீழாகப் புரட்டி ஐந்தாறு நிமிடம். அடியை விரல்கணுவால் தட்டினால் காலிப்பானை போல் ஒலிக்கவேண்டும். அந்தக் குளிர்காலம் முழுவதும் தட்டிப் பார்க்கும் வேலை ஆறு வயது மகனுடையது. வேறு யாரும் தொட அவன் விட்டதில்லை.

மோர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அயர்லாந்துக் கடைகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் மோர் கெட்டியானது. தமிழ்நாட்டு நீர்மோர் அளவுக்குத் தண்ணீர் சேர்த்தால் ரொட்டி எழும்பாது. புளித்த தயிரில் கொஞ்சமே தண்ணீர் விட்டு அடித்தால் சரியாக வரும்.

அக்டோபர் 31, ஹாலோவீன். கத்தோலிக்கர்களுக்கு அது புலால் தவிர்க்கும் நாளாக நெடுங்காலம் இருந்ததால் அன்றைய பலகாரங்கள் யாவும் உருளைக்கிழங்கு, கோஸ், ஆப்பிள் இவற்றைச் சுற்றியே அமைந்தவை. அவற்றில் தலையாயது கோல்கேனன்: மசித்த உருளைக்கிழங்கில் வேகவைத்த கேல் கீரையோ முட்டைக்கோஸோ கலந்து, சூடான பாலும் வெங்காயத்தாளும் சேர்த்து, நடுவே குழி பறித்து வெண்ணெயை உருகவிடுவது. வடக்கே கீரை இல்லாமல் வெங்காயத்தாள் மட்டும் போட்டுச் செய்வதற்குச் சேம்ப் என்று பெயர்.

உருளைக்கிழங்கு அந்த நாட்டில் வெறும் காய்கறியன்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்துசேர்ந்து, ஏழைகளின் ஒரே உணவாகி, 1845இல் கருகல் நோய் தாக்கியபோது நாட்டையே பலிகொண்ட பயிர் அது. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாதோர் கப்பலேறினர். அதன்பிறகும் கிழங்கின்மேல் அந்த மக்களுக்குப் பற்று குறையவில்லை. வெந்ததும் தோல் வெடித்து மாவாக உதிர்கிற கிழங்கையே அவர்கள் நல்ல கிழங்கு என்கிறார்கள். கார்லோவில் ஓக் பார்க் ஆய்வு நிலையம் உருவாக்கிய சிவப்புத்தோல் ரூஸ்டர், பழைய வகைகளான கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர் ஆகியவை அப்படிப்பட்டவை. கோல்கேனனுக்கு இவைதான் ஏற்றவை. மெழுகுபோன்ற கிழங்கை மசித்தால் பசையாகிவிடும்.

கோல்கேனன் அடுப்பில் செய்யவேண்டியது. அதில் ஏர் ஃப்ரையருக்கு வேலையே இல்லை. கீரையைத் தனியாகக் கூடையில் போட்டாலோ இலைகள் காற்றில் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும். கருவியின் பங்கு மறுநாள் வருகிறது. மிஞ்சிய கோல்கேனன் குளிர்பெட்டியில் இறுகியிருக்கும். அதை உள்ளங்கையளவு வடைகளாகத் தட்டி, மாவில் புரட்டி, உருக்கிய வெண்ணெய் தடவி 200 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டி வைத்தால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே வெண்ணெய் மணமுமாக வரும். நவம்பர் முதல் நாள் காலை, இரவுப்பணி முடிந்து வந்த தாய்க்குப் பிள்ளைகள் எடுத்துவைத்தது இதுதான். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே நான்கு வடை தின்றார். முந்தைய நாளின் விருந்தைவிட இந்த வடைகளையே அந்த வீட்டில் பிறகு அடிக்கடி கேட்டார்கள்.

அதே நாளுக்குரிய இன்னொன்று பார்ம்பிராக். புள்ளியிட்ட ரொட்டி என்பது ஐரிஷ் மொழியில் அந்தப் பெயரின் பொருள் என்பர். உலர்திராட்சையை ஆறிய தேநீரில் இரவு முழுக்க ஊறவைத்து மாவு, சர்க்கரை, முட்டை, கலவை மசாலா சேர்த்துச் செய்வது. உள்ளே ஒரு மோதிரத்தை ஒளித்துவைப்பார்கள். யார் துண்டில் அது வருகிறதோ அவருக்கு அந்த ஆண்டு திருமணம். காசு கிடைத்தால் செல்வம், கந்தல்துணி கிடைத்தால் வறுமை. சிறுவர்கள் இருக்கும் வீட்டில் மோதிரத்தைக் காகிதத்தில் சுற்றிவைப்பதோடு முன்கூட்டியே சொல்லியும்விட வேண்டும். கூடைக்குள் அடங்கும் சிறிய தகரத்தில் ஊற்றி, மேலே அலுமினியத் தாள் மூடி 150 டிகிரியில் ஐம்பது நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் தாளை எடுத்துவிடலாம். தாளை ஓரங்களில் இறுக மடிக்காவிட்டால் விசிறி அதைப் பிடுங்கி மேலே இழுத்துக்கொள்ளும்.

கிறிஸ்துமஸ்தான் உண்மையான சோதனை. அயர்லாந்தில் முன்பு வாத்து, இப்போது வான்கோழியும் ஹாமும். கார்க்கில் இவற்றோடு மசாலா மாட்டிறைச்சியும் உண்டு: உப்பு, சர்க்கரை, கிராம்பு, மிளகு முதலியவற்றில் நாள்கணக்கில் ஊறவைத்த இறைச்சி. 1788 முதல் நடக்கும் இங்கிலிஷ் மார்க்கெட்டில் டிசம்பர் மாதம் அதற்கு வரிசை நிற்கும். அது தண்ணீரில் மெல்ல வேகவேண்டிய பண்டம். காற்றில் வைத்தால் தோல்போல் உலரும். முழு வான்கோழியும் கூடைக்குள் நுழையாது. நுழைவது ஒரு கிலோ நெஞ்சுக்கறி. நால்வர் ஐவருக்கு அதற்குமேல் தேவையும் இல்லை.

ஒரே கூடையில் ஒரு விருந்தைச் செய்வதில் சூட்சுமம் வரிசையில்தான் இருக்கிறது. அந்த வீட்டில் தாய்க்கு முந்தைய இரவு பணி. காலையில் வந்து படுத்தவர் பிற்பகல் ஒரு மணிக்கு எழுவார். தந்தையும் பிள்ளைகளும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிய வரிசை இப்படி இருந்தது. ஹாம் முந்தைய நாளே அடுப்பில் வெந்தாயிற்று. காலையில் அதன் தோலை உரித்து, கொழுப்பில் சதுரசதுரமாகக் கீறி, கிராம்பு குத்தி, கடுகுச் சாந்தும் பழுப்புச் சர்க்கரையும் பூசி 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். அது ஆறியும் உண்ணலாம் என்பதால் முதலில் முடிந்தது. அடுத்து வான்கோழி: தோலுக்கடியில் வெண்ணெய் திணித்து 170 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்பவேண்டிய இடம் இது. தடித்த பாகத்தின் நடுவே 75 டிகிரி காட்டும்வரை எடுக்கக் கூடாது. வெந்த கறியைத் தாளால் மூடி இருபது நிமிடம் ஓய்வில் விட்டால் சாறு உள்ளேயே தங்கும். காலியான கூடை உருளைக்கிழங்குக்கு.

வறுத்த உருளைக்கிழங்கில்தான் ஏர் ஃப்ரையர் ஓவனை மிஞ்சுகிறது. தோல்சீவிப் பெரிய துண்டுகளாக்கி உப்புநீரில் எட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, தண்ணீரை வடித்து, மூடிய பாத்திரத்திலேயே நன்றாகக் குலுக்கவேண்டும். விளிம்புகள் உதிர்ந்து மேற்பரப்பு கூழாகப் பூத்திருக்கும். அந்தக் கூழ்தான் பிறகு மொறுமொறுப்பான ஓடாகிறது. ஆவி அடங்க ஐந்து நிமிடம் விட்டு, ஒரு மேசைக்கரண்டி வாத்துக்கொழுப்போ எண்ணெயோ புரட்டி, 200 டிகிரியில் இருபது இருபத்தைந்து நிமிடம். இடையில் இருமுறை குலுக்கல். கூடையில் ஒரே அடுக்காக இருக்கவேண்டும் என்பதால் ஐந்து பேருக்கு இரண்டு ஈடு ஆயிற்று. முதல் ஈட்டை இரண்டாவதோடு சேர்த்துக் கடைசி மூன்று நிமிடம் சூடாக்கினால் போதும். களைக்கோசும் குழம்பும் அடுப்பில். மூன்று மணிக்கு மேசையில் எல்லாம் இருந்தன. மூதாட்டி ஐந்தாவது ஆளாக அமர்ந்திருந்தார். ஒரு கிழங்கைக் கத்தியால் தட்டி ஓடு விரிசல்விடும் ஒலியைக் கேட்டுவிட்டு, அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கணப்பில் தாயார் வாத்துக்கொழுப்பில் வறுத்த கிழங்குக்குப் பிறகு அந்த ஒலியைக் கேட்கவில்லை என்று பின்னர் சொன்னார்.

ஜனவரி 6ஆம் நாளுக்குப் பெண்களின் கிறிஸ்துமஸ் என்று பெயர். கார்க்கிலும் கெரியிலும் இன்றும் உயிரோடிருக்கும் வழக்கம்: அன்று வீட்டுவேலை ஆண்களுடையது, பெண்கள் கூடிப்பேசி ஓய்ந்திருப்பார்கள். பண்டிகை முழுவதும் அடுப்படியில் நின்றவர்களுக்கு ஒரு சமூகமே ஒரு நாளை எழுதிவைத்திருப்பது அரிய செய்தி. 2023இல் அந்த நாள் வெள்ளிக்கிழமை. தாயும் மூதாட்டியும் முன்னறையில் தேநீரோடு அமர்ந்திருக்க, தந்தையும் மகனும் பாக்ஸ்டி செய்தனர். லீட்ரிம், கேவன் பக்கத்துக் கிழங்கு ரொட்டி இது. தோசைபோல் ஊற்றும் பாக்ஸ்டியும் உண்டு. நீர்த்த மாவு கூடைத் துளைகளில் வழிந்துவிடும் என்பதால் அதற்குக் கல்தான் வேண்டும். கெட்டி வகைக்குத் துருவிய பச்சைக் கிழங்கு, மசித்த கிழங்கு, மாவு மூன்றும் சமஅளவு. துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து, பிழிந்த நீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வெள்ளை மாவுச்சத்தைத் திரும்ப மாவிலேயே சேர்ப்பது பழைய முறை. சிக்கனமும் ருசியும் ஒருசேர அதில் இருக்கின்றன. ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி, நான்காகக் கோடிட்டு, 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம், பாதியில் புரட்டல். கூடவே 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடத்தில் சாசேஜ். அவற்றைக் குத்தித் துளையிட வேண்டியதில்லை. கொழுப்பு தானாகக் கூடைக்கு அடியில் இறங்கும்.

பிப்ரவரி முதல் நாள் புனித பிரிஜித் திருநாள். வசந்தத்தின் முதல் நாளாகவும் மாடு கறக்கத் தொடங்கும் பருவமாகவும் கொண்டாடப்படுவது. முந்தைய மாலை புது வெண்ணெய் கடைவார்கள். 2023இல்தான் அத்திருநாளையொட்டி அரசு விடுமுறை வந்தது. ஒரு பெண்ணின் பெயரில் அயர்லாந்து அறிவித்த முதல் பொது விடுமுறை. பிள்ளைகள் பாலேட்டைக் கண்ணாடிப்புட்டியில் ஊற்றிக் குலுக்கி வெண்ணெய் எடுத்தனர். ஆனால் மிஞ்சிய மோரில் புளிப்பில்லை. அதில் பிசைந்த சோடா ரொட்டி சப்பையாகவே இருந்தது. பழைய பண்ணைகளில் பாலேட்டைப் புளிக்கவிட்டுக் கடைந்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுமுறை தாய் முந்தைய இரவே பாலேட்டில் ஒரு கரண்டி தயிரை உறைகுத்தி வைத்தார். காலையில் கடைந்தபோது வெண்ணெயும் மணத்தது, மோரும் புளித்தது, ரொட்டியும் எழும்பியது.

மார்ச் 17 புனித பேட்ரிக் நாள். 1903 முதல் அயர்லாந்தில் பொது விடுமுறை. வெளிநாடுகளில் அன்றைய உணவாக அறியப்பட்ட உப்பிட்ட மாட்டிறைச்சியும் கோஸும், கப்பலேறிப்போன ஐரிஷ் மக்கள் அமெரிக்காவில் உருவாக்கிக்கொண்டவை. தாய்நாட்டில் அவர்கள் உண்டது பன்றி இறைச்சி. நியூயார்க்கில் யூதக் கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த மாட்டு நெஞ்சுக்கறி அதன் இடத்தைப் பிடித்தது. அயர்லாந்தில் இன்றும் பேக்கனும் கோஸும்தான், மேலே வோக்கோசிலைக் குழம்பு. பேக்கன் தண்ணீரில் வேகவேண்டும். கோஸை அதே நீரில் வேகவிடுவது மரபு. அந்த வீட்டில் பாதியைக் கீற்றுகளாக்கி, தண்டு பிரியாமல், வெண்ணெய் தடவி 190 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வைத்தார்கள். ஓரங்கள் கருகிய அந்தக் கோஸைத்தான் பிள்ளைகள் தின்றார்கள். வெந்ததை மூதாட்டி தமக்கென்று எடுத்துக்கொண்டார். கடைசியில் ஆர்மா மாவட்டத்துப் பிராம்லி ஆப்பிள். சூட்டில் பஞ்சாகக் கரையும் புளிப்பு ஆப்பிள் அது. சிறு கிண்ணங்களில் சர்க்கரையோடு போட்டு, மேலே ஓட்ஸ், மாவு, வெண்ணெய் உதிரி தூவி 170 டிகிரியில் இருபது நிமிடம்.

மறுநாள் சனிக்கிழமை. மிஞ்சிய பேக்கனைப் பொடியாக நறுக்கி, மிஞ்சிய கோஸையும் மசித்த கிழங்கையும் சேர்த்துத் தட்டி, நவம்பரில் செய்த அதே கணக்கில் 200 டிகிரி, பன்னிரண்டு நிமிடம். இரவுப்பணி முடிந்து எட்டரைக்குத் தாய் கதவைத் திறந்தபோது, மூதாட்டிக்கான தட்டை மூடி எடுத்துக்கொண்டு மகன் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.